முதுகில் மூன்று விரல்

குணசீலன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். தலையை ஒருமுறை தடவினார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

நான் ஒரு விரலை மடக்கிக்கொண்டேன்.

எதிரணிப் பெண் பந்தைத் தரையில் தட்டியபடி சர்வீஸுக்குத் தயாரானாள். மாஸ்டர் மறுபடியும் தொப்பியைக் கழற்றினார். இரண்டாவது விரல். அந்தப் பந்தை நான் பார்க்க வந்த பெண் இடது மூலைக்குத் தூக்கிக் கொடுத்தாள். அங்கே நின்ற பெண் எழும்பி ஓங்கி அடித்தாள். பாயிண்ட்.

மாதனூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானம். பிளஸ் டூ பரீட்சை முடிந்து பிள்ளைகள் ரிசல்டுக்குக் காத்திருந்த வெயில் காலம். தண்ணீர் தெளித்திருந்தும் மண் சுட்டது. புளியமர நிழலில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு மோரும் வைத்திருந்தார்கள். அந்த மோரின் மேலேயே எனக்குச் சந்தேகம். இவ்வளவு உபசாரம் எதற்கு?

அப்போது நான் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். வாலிபால் அணிக்கு ஆள் எடுப்பதும் என் வேலை. அந்த வருஷம் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். சேர்கிற பெண்ணுக்குப் படிப்பும் ஹாஸ்டலும் இலவசம். அந்த இடத்தை ஒரு செட்டருக்கென்று பிடித்து வைத்திருந்தேன்.

வாலிபால் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கைதட்டல் எல்லாம் எழும்பி அடிப்பவளுக்குத்தான் போகும். ஆனால் யார் அடிக்க வேண்டும், எங்கிருந்து அடிக்க வேண்டும் என்று முடிவு செய்து அவளுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் செட்டர். பந்து அவள் விரல்களில் நிற்பது கண் இமைக்கிற நேரம். அதற்குள் வலைக்கு அந்தப் பக்கம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, அவர்களை ஏமாற்றவும் வேண்டும். இடது பக்கம் தருவதுபோல் உடம்பைக் காட்டி, தலைக்குப் பின்னால் தர வேண்டும்.

அதனால் செட்டரை எடுக்கும்போது கையை மட்டும் பார்த்தால் போதாது. முடிவை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணா, வெளியே நிற்கிற மாஸ்டரா?

தொப்பி மூன்றாவது முறை கழன்றது.

பாட்டு போட்ட வீடியோ

பவித்ரா என்ற பெயரை நான் முதலில் கேட்டது போனில். குணசீலன் மாஸ்டர் வாரத்துக்கு மூன்று தடவை கூப்பிடுவார். "மேடம், இந்தப் பொண்ண ஒரு தபா வந்து பாருங்க. பார்த்துட்டு வேணாம்னு சொன்னீங்கன்னா நான் அப்புறம் போனே பண்ண மாட்டேன்" என்பார். பிறகும் பண்ணுவார்.

வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினார். நாற்பது நொடி. மேலே ஒரு சினிமாப் பாட்டு. எல்லாப் பந்தும் அழகாகப் போய் எல்லாம் பாயிண்ட் ஆனது.

"சார், பாட்டு இல்லாம அனுப்புங்க" என்றேன்.

பாட்டு இல்லாமல் அனுப்பினார். அதிலும் எல்லாம் பாயிண்ட்.

"சார், இந்தப் பொண்ணு தப்பு பண்ற வீடியோ ஒண்ணு இருந்தா அனுப்புங்க."

பதில் சாயங்காலம்தான் குரல் பதிவாக வந்தது. "மேடம், தப்பு பண்ணா யாரு மேடம் வீடியோ எடுப்பாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு வேண்டியது அதுதான். ஒரு பந்தைக் கெடுத்த பிறகு அந்தப் பெண் எங்கே பார்க்கிறாள்? தரையையா, தோழியையா, மாஸ்டரையா? அடுத்த பந்துக்குக் கை நடுங்குகிறதா? அதைப் பார்த்தால் நாலு வருஷச் சான்றிதழ்களைப் பார்க்க வேண்டாம்.

வீட்டில் என் கணவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். "ஒரு கிலோ தக்காளி வாங்குறதுக்கு ஒவ்வொண்ணா திருப்பிப் பார்த்து அந்தக் கடைக்காரர பேஜார் பண்றவ நீ. அந்த மாஸ்டர் பாவம்" என்றார் ஒருநாள்.

வேறொருத்தியின் சான்றிதழ்

நான் பிறக்கும்போதே இப்படி இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யார் என்ன சொன்னாலும் நம்பினேன்.

ஒரு பெண் வந்தாள். ஊர் பெயர் வேண்டாம். மாநிலப் போட்டிச் சான்றிதழ்கள் ஒரு ஃபைல் நிறைய. மெலிந்த, அமைதியான பெண். முட்டியில் அடி, ஒரு மாதம் ஆட முடியாது என்று சொன்னாள். நான் பரிதாபப்பட்டு, ஆடவிட்டுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து மைதானத்துக்கு வந்தவள் சர்வீஸ் போட்டாள். பந்து வலை வரைகூடப் போகவில்லை. அடுத்ததும் போகவில்லை.

ஃபைலில் இருந்தது அவளுடைய பெரியப்பா மகளின் சான்றிதழ்கள். இருவருக்கும் ஒரே பெயர், ஒரே இனிஷியல். கேட்டதும் மைதானத்திலேயே உட்கார்ந்து அழுதாள். "எனக்கு படிக்கணும் மேடம், வேற வழி தெரியல" என்றாள். பிரின்சிபால் அறையில் நான் என்ன சொல்லி நின்றேன் என்பது எனக்கு நினைவில்லை. என் புடவை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டி விரலில் மாட்டிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் யாரையும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்து முடிப்பதில்லை. எழுந்து நடந்துகொண்டே பார்ப்பேன். கேட்டில் நிற்பேன், பந்து பொறுக்கும் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுப்பேன். பிறந்த தேதியை மூன்று காகிதங்களில் ஒப்பிடுவேன். பவித்ராவின் காகிதங்களையும் ஒப்பிட்டேன். எல்லாம் சரியாக இருந்தன. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

மாஸ்டருக்கு ஒரு டீ

மறுபடி அந்தப் புளியமரத்தடிக்கு வருகிறேன்.

பவித்ராவின் கை பொய் சொல்லவில்லை. பந்து அவள் விரல்களில் வந்து சத்தமில்லாமல் கிளம்பியது. உயரமும் நல்ல உயரம். அவள் அம்மா ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பிரிவில் இருந்தார். காலையில் கம்பெனி பஸ்ஸில் போய்ப் பொழுது சாய வருகிறவர். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு மைதானத்தின் ஓரத்தில், நான் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் நின்றிருந்தார்.

ஆனால் தொப்பி? பத்துப் பந்துக்கு ஏழு தடவை. மாஸ்டர் சைகை காட்டுகிறார், அந்தப் பெண் அதன்படி தருகிறாள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. என் கல்லூரிக்கு மாஸ்டர் வரமாட்டார். வெறும் கைகள்தான் வரும்.

எழுந்தேன். "சார், தலை வலிக்குது. பக்கத்துல டீ கெடைக்குமா?"

"பசங்கள அனுப்புறேன் மேடம்."

"வேணாம் சார். நடந்தா சரியாயிடும். நீங்களும் வாங்க."

"மேட்ச் போய்ட்டிருக்கே மேடம்."

"போகட்டும்."

அவர் முகம் மாறியது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். வேறு வழியில்லாமல் கூட வந்தார். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே டீக்கடை. வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தேன். பேச்சைத் தொப்பிப் பக்கம் திருப்பினேன்.

"வேர்க்குரு மேடம்" என்றார் அவர், வெட்கத்தோடு. "வெயில் காலம் வந்தா தலையெல்லாம் ஜாஸ்தியா வந்துடும். தொப்பி போட்டாலும் அரிக்கும், போடலைன்னாலும் அரிக்கும்." கழற்றிக் காட்டினார். உண்மைதான். பார்க்கவே பாவமாக இருந்தது.

உள்ளே கைதட்டல் கேட்டது. திரும்பும்போது முன்வாசல் வழியாக வராமல் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு பின்வேலி இடைவெளியில் நுழைந்தேன். பவித்ராவின் அணி ஐந்து பாயிண்ட் முன்னேறியிருந்தது. மாஸ்டர் இல்லாமலே.

என் சந்தேகம் தோற்றது என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்காது.

பின்வரிசையில் ஒரு குள்ளமான பெண். தரையில் விழப்போகும் பந்தை எல்லாம் பாய்ந்து எடுக்கிறவள். ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன்னால் அவள் பவித்ராவின் பின்னால் போனாள். முதுகில் கை வைத்தாள். தட்டிக்கொடுப்பதுபோல இருந்தது. தட்டவில்லை. ஒரு விரலை அழுத்தினாள். பந்து இடது பக்கம் போனது. அடுத்த தடவை இரண்டு விரல். பந்து நடுவில் நின்றவளுக்குப் போனது. அதற்கடுத்து மூன்று விரல். பவித்ரா பந்தைத் தலைக்குப் பின்னால் தள்ளினாள். எதிரணியில் தடுக்க ஒருத்தியும் இல்லை.

"அந்தப் பொண்ணு யார் சார்?"

"அது அமலா மேடம். பவித்ராவோட தோஸ்த். ரெண்டும் ஒரே தெரு. நல்லா எடுப்பா, ஆனா உயரம் கம்மி. வெளி டோர்னமெண்டுக்கு நாங்க அவள கூட்டிட்டுப் போறதே கம்மி, சர்டிபிகேட்டும் பெருசா இல்ல. ரிசல்ட் வந்ததும் ஷூ கம்பெனில பேரு குடுத்துடுவாங்கன்னு நெனைக்கிறேன்."

எதிரெதிரே

மறுவாரம் இருவரையும் வேலூருக்கு வரச் சொன்னேன். மாஸ்டர் இரண்டு தடவை கேட்டார். "பவித்ரா மட்டும் போதும்ல மேடம்? அமலா சும்மா தொணைக்குத்தானே?" தொணைக்குத்தான் என்றேன்.

எங்கள் கல்லூரி மைதானம். வலைக்கு இந்தப் பக்கம் பவித்ரா, என் சீனியர் மாணவிகளோடு. அந்தப் பக்கம் அமலா, முதல் வருஷப் பிள்ளைகளோடு.

"உன்னால தூக்கிக் குடுக்க முடியுமா?" என்று அமலாவைக் கேட்டேன்.

"குடுப்பேன் மேடம்."

"இதுக்கு முன்னாடி குடுத்திருக்கியா?"

"தெருவுல குடுத்திருக்கேன்."

பதினைந்து பாயிண்ட் ஆட்டம். முதலில் பவித்ரா பிரமாதமாக ஆடினாள். முதுகில் விரல் இல்லாமலே. நான் கொஞ்சம் ஏமாந்துகூடப் போனேன். பிறகு ஆட்டம் சமமானதும் அவள் தடுமாறினாள். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் கையை உயர்த்தி நிற்கிற இடத்துக்கே பந்தைக் கொடுத்தாள். அடித்த பந்து திரும்பி அவள் காலடியிலேயே விழுந்தது. அடுத்த இரண்டு தடவையும் அதே இடம். நடுவில் என் சீனியர் பெண் தனியாக எழும்பி நின்றாள். அவளுக்குத் தரவில்லை.

அந்தப் பக்கம் அமலாவின் கை மோசம். பந்து சுற்றிக்கொண்டு போயிற்று. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஆள் இல்லாத இடத்துக்குப் போயிற்று. யார் பெயரும் தெரியாத பிள்ளைகளிடம், "மஞ்ச டிரெஸ் அக்கா, ரெடியா இரு" என்று முனகிக்கொண்டே தந்தாள். பதினைந்துக்குப் பன்னிரண்டில் ஜெயித்தார்கள்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. யாரும் பார்க்காததை நான் பார்த்துவிட்டேன் என்ற திருப்தி. பவித்ரா என்னிடம் வந்து, "சாரி மேடம், கொழம்பிட்டேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். என் மனதில் அவள் கணக்கு முடிந்திருந்தது.

பிரின்சிபாலிடம் அமலாவை அழைத்துக்கொண்டு போனேன். அவர் ஃபைலைப் பார்த்தார், அமலாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செட்டர்னு சொன்னீங்களே. இவ்ளோ உயரத்துலயா?"

"நம்பி எடுங்க மேடம்" என்றேன். நான் அந்த அறையில் அந்த வார்த்தையைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அமலாவின் விரல்களைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆனது. ரெஃபரி விசில் ஊதி ஊதி அவள் தூக்கும் பந்தைத் தப்பு என்பார். முதல் வருஷம் ஒரு கோப்பையும் இல்லை. ஸ்டாஃப் ரூமில் என் காதுபடவே பேசினார்கள். இரண்டாம் வருஷம் மெதுவாக நிமிர்ந்தோம். மூன்றாம் வருஷம் அமலா எங்கள் அணித் தலைவி.

பவித்ரா சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டதாக மாஸ்டர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போன் செய்யவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

நாலு தடவை

மூன்றாம் வருஷம் சென்னையில் ஒரு போட்டி. கால் இறுதியில் எதிரே பவித்ராவின் கல்லூரி.

ஐந்து செட் ஆட்டம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஆடினார்கள். கடைசி செட்டில் ஆளுக்குப் பத்து பாயிண்ட் இருந்தபோது நான் பவித்ராவை மட்டும் கவனித்தேன். அவள் முதுகில் யாரும் கை வைக்கவில்லை. அவளுடைய கோச் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அவள் தலைக்குப் பின்னால் ஒரு பந்து கொடுத்தாள். அமலாவே ஏமாந்து எதிர்ப்பக்கம் பாய்ந்தாள். அடுத்து நடுவில். மறுபடி பின்னால். யாரிடமும் கேட்காமல், எங்கள் ஆட்களை ஒவ்வொருத்தியாக நகர்த்தி வைத்து விளையாடினாள்.

தோற்றோம்.

எனக்குத் தோல்வி உறைக்கவில்லை. வேறொன்று உறுத்தியது. இது இரண்டு வருஷத்தில் யாரும் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயம் இல்லை.

அவள் மைதானத்து ஓரத்தில் முட்டியில் ஐஸ் பை வைத்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் போனாள். வேண்டாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பவித்ரா, அன்னைக்கு எங்க கிரவுண்டுல நீ ஏன் அப்படி ஆடின?"

"எப்படி மேடம்?"

"ரெண்டு பேர் கை தூக்கி நிக்கிற எடத்துக்கே மூணு தடவ போட்ட."

அவள் ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். "நாலு தடவ மேடம்."

"நாலா?" என்றேன்.

"எனக்கு அதுக்கு முன்னாடியே இந்த காலேஜ்லேருந்து போன் வந்துடுச்சு. இன்னொரு காலேஜும் கூப்பிட்டாங்க. அவள யாரு மேடம் கூப்பிடுவாங்க? நீங்க ஒருத்தர்தான் அவளையும் வரச்சொன்னீங்க."

"அப்ப அந்த முதுகுல விரல் வெக்கிறது?"

"அதுவா. பின்னாடியிருந்து பார்த்தா அவளுக்கு நல்லா தெரியும். சொல்லுவா. பாதி கேட்பேன், பாதி நானே மாத்திடுவேன். அதுக்கு ஆட்டம் முடிஞ்சு சண்ட போடுவா."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. எனக்கு சீட் வேணாம், அவளுக்கு குடுங்கன்னு."

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா மேடம்? எங்க சாரோட தொப்பியையே நீங்க நம்பல, அதப் பத்திக் கேட்டீங்கன்னு சாரே சொன்னாரு. டீ குடிக்கலாம்னு வெளிய கூட்டிட்டுப் போனீங்க. திரும்பி வந்து அந்த வேலி பக்கம் நின்னீங்க. எல்லாம் பார்த்தோம்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. உள்ளே வருவதற்காகப் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க என் கண்ணைப் பழக்கி வைத்திருந்தேன். ஒருத்தி வெளியே போவதற்காகப் பொய் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"நான் ரெண்டு பேரையும் வேணாம்னு அனுப்பியிருந்தா?"

"அத யோசிக்கல மேடம்" என்றாள். பிறகு, "அவகிட்ட சொல்லாதீங்க. மனசு கஷ்டப்படுவா."

வேனில் ஏறினேன். ஜன்னலோரம் இருந்த அமலா கேட்டாள். "பவி இன்னா சொன்னா மேடம்?"

"உன் கை நல்லா தேறிடுச்சுன்னு சொன்னா."

அமலா என்னைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ அப்படிலாம் சொல்ல மாட்டாளே" என்றுவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள்.

இந்த வாரம் எழுத உட்காருவதற்கு முன்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் தொடரில் இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். பெயர்களை மாற்றினாலும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முதலில் பவித்ராவைக் கூப்பிட்டேன். சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், அந்த அலுவலகத்துக்கே விளையாடவும் செய்கிறாள்.

"எழுதுங்க மேடம். எவ்ளோ வருஷம் ஆச்சு. ஆனா அவளுக்கு பேப்பர்ல பார்த்துத் தெரிய வேணாம். நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அமலா இப்போது குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இடைவேளை நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகளின் கூச்சல். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"தெரியும் மேடம்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"அன்னைக்கே. அவ ரெண்டாவது பந்து அப்படி போட்டப்பவே. நெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னது நான்தானே. அவ தோள் சாயறத வெச்சே பந்து எங்க போகும்னு சொல்லிடுவேன். அன்னைக்கு தோள் ஒரு பக்கம் சாயுது, பந்து வேற பக்கம் போவுது."

"அப்ப நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

கூச்சல் கொஞ்சம் தூரமானது. அவள் தனியாக எங்கேயோ நடந்து போயிருக்க வேண்டும்.

"எனக்கு சீட்டு வேணும் மேடம். எங்க வீட்டுல அடுத்த வாரம் கம்பெனில சேர்க்கறதா பேசி வெச்சிருந்தாங்க. வாயத் தெறந்தா போய்டும்னு பயம். அவ வந்து 'கொழம்பிட்டேன்'னு உங்ககிட்ட சொன்னா பாருங்க, அப்ப நான் ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்."

மணி அடித்தது. வகுப்பு இருக்கிறது என்றாள். போனை வைக்கப் போனவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"மேடம், எழுதுறதுன்னா முழுசா எழுதுங்க. அவ விட்டுக் குடுத்தது நாலு பாயிண்ட்தான். மீதி பதினொண்ணு நாங்க எடுத்தது."

எழுதிவிட்டேன்.